வீட்டு ஹாலில் கடல் வைக்கும் முன்: கடல்நீர்க் கண்ணாடித் தொட்டி கட்டுவோர் கவனத்துக்கு

கண்ணாடிக் கடையில் போய் நின்றதும் அண்ணாச்சி கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை எம்எம் போடணும்?" பெரும்பாலானோர் நீளத்தைச் சொல்லி அவரிடமே திருப்பிக் கேட்கிறார்கள்: "நாலடித் தொட்டிக்கு எது தாங்கும்?" நீளமும் கணக்கில் உண்டு. ஆனால் கண்ணாடியை முதலில் தள்ளுவது தண்ணீரின் உயரம். 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள தொட்டியில் 55 செ.மீ. உப்புத்தண்ணீர் நின்றால், முன்கண்ணாடியை ஏறத்தாழ 180 கிலோ எடைக்குச் சமமான விசை இரவும் பகலும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். எடுப்பாக இருக்குமே என்று உயரத்தை மட்டும் அரையடி கூட்டி 70 செ.மீ. தண்ணீர் நிறுத்தினால், அந்த விசை 300 கிலோவை நெருங்கிவிடும்.

2 அடி உயரத்துக்கு 12 மி.மீ. ஃப்ளோட் கண்ணாடி (கடினப்படுத்தாத சாதாரணத் தட்டைக் கண்ணாடி) போடுங்கள். மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே நான்கு பக்கமும் 80 மி.மீ. அகலக் கண்ணாடிப் பட்டையைப் படுக்கையாக ஒட்டுங்கள். 10 மி.மீ. கண்ணாடியும் முதல் நாள் தண்ணீரைத் தாங்கும். ஆனால் நடுவில் கூடுதலாக வளையும். அந்த வளைவின் இழுப்பை ஆண்டுக்கணக்கில் சுமப்பது சிலிகான் ஒட்டு. கண்ணாடியில் மிச்சம் பிடிக்கும் காசு மொத்தச் செலவில் மிகச் சிறிது.

அடுத்தது எடை. இந்த அளவுத் தொட்டியில் தண்ணீர் 370 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி மட்டுமே 90 கிலோ. கல், மணல், ஃபில்டருக்கான கீழ்த்தொட்டி, இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் 650 கிலோ வரும். மூன்று புல்லட்டுக்கு மேற்பட்ட பாரம் 8 சதுர அடியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தரைத்தளம்தான் நல்லது. மாடியில் வைத்தே ஆகவேண்டும் என்றால் பீம் ஓடும் சுவரை ஒட்டி வையுங்கள். வீடு கட்டிய இன்ஜினியரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வைக்க வேண்டாம். திருநெல்வேலி டவுன் பக்கத்துப் பழைய வீடுகளில் மரக்கட்டை பாவிய மச்சு இருக்கும். அதன்மேல் வைக்கவே கூடாது.

வெட்டும் அளவு இது. அடிக்கண்ணாடி 1200 × 600 மி.மீ. முன்னும் பின்னும் 1200 × 586. பக்கக் கண்ணாடி இரண்டும் 572 × 586. சுவர்க் கண்ணாடிகள் நான்கும் அடிக்கண்ணாடியின் மேல் நிற்கும்; பக்கக் கண்ணாடிகள் முன்னுக்கும் பின்னுக்கும் இடையில் செருகும். ஒவ்வொரு மூட்டிலும் 2 மி.மீ. சிலிகான் இருக்கும்படி இந்தக் கணக்கு. எல்லா விளிம்பும் பாலீஷ் செய்து வாங்குங்கள். வெட்டிய விளிம்பிலுள்ள சிறு பொக்கையிலிருந்துதான் பின்னாளில் விரிசல் ஓடும். தண்ணீர் வழியும் குழாய்க்கு ஓட்டை போட வேண்டிய கண்ணாடியை டஃபன் செய்ய (சூடேற்றிக் கடினப்படுத்த) கொடுத்துவிடாதீர்கள். டஃபன் செய்த பிறகு துளைத்தால் கண்ணாடி முழுக்க நொறுங்கிப்போகும். ஓட்டைக்கும் விளிம்புக்கும் இடையே குறைந்தது ஓட்டையின் விட்டம் அளவாவது இடம் விடுங்கள்.

சிலிகானில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். காயும்போது வினிகர் வாடை வரும் அசிட்டாக்ஸி வகை, மீன்தொட்டிக்கென்றே எழுதியது, காலாவதி தேதி கடக்காதது: இந்த மூன்றும் வேண்டும். பாத்ரூமுக்கு விற்கும் பூஞ்சைத் தடுப்பு சிலிகானில் கலந்திருக்கும் மருந்து தண்ணீரில் இறங்கி உயிர்களைக் கொல்லும். 300 மி.லி. டியூப் இரண்டு செலவாகும். மூன்றாவது கையில் இருக்கட்டும். பாதி மூட்டில் தீர்ந்து கடைக்கு ஓடினால், திரும்பி வருவதற்குள் முதல் பாதி தோல் கட்டிவிடும். தோல் கட்டியதன் மேல் புது சிலிகான் பிடிக்காது.

நம்ம ஊர் சித்திரை வெயிலில் அந்தத் தோல் சில நிமிடத்திலேயே கட்டும். விடியற்காலையில் வேலையைத் தொடங்குங்கள். ஆனி, ஆடிக் காற்றில் புழுதி பறக்கும் நாளானால் ஜன்னலைச் சாத்திவிட்டு ஒட்டுங்கள். ஒட்டும் இடத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்த பிறகு விரல் படக்கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடத்தில் ஒட்டு பிடித்ததுபோலத் தெரியும், பிடித்திருக்காது. கண்ணாடியை நிறுத்தும்போது ஒரே அழுத்தாக அழுத்துங்கள். எடுத்து மறுபடி வைத்தால் உள்ளே காற்று புகும்.

மறுநாள் வெளிச்சத்தில் மூட்டைச் சாய்வாகப் பாருங்கள். கறுப்பு சிலிகான் என்றால் மூட்டின் 12 மி.மீ. அகலம் முழுதும் மை பூசியதுபோல ஒரே கறுப்பாகத் தெரிய வேண்டும். கடுகு அளவில் தனியாக ஒரு குமிழி இருந்தால் பயமில்லை. வெள்ளிபோல மின்னும் திட்டு, உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பு நோக்கி ஓடினால் அங்கே ஒட்டவில்லை என்று பொருள். வெளியே இன்னொரு கோடு சிலிகான் இழுத்துச் சமாளிக்கப் பார்ப்பார்கள். தண்ணீர் உள்ளிருந்து தள்ளும்போது அந்தப் பூச்சு நிற்காது. பிளேடு போட்டு அறுத்து, பழைய சிலிகானைத் துளி விடாமல் சுரண்டி, திரும்ப ஒட்டுவதுதான் வழி.

ஏழு நாள் காயவிடுங்கள். பிறகு ரசமட்டம் பார்த்து நிறுத்திய ஸ்டாண்டில் தெர்மாகோல் விரித்து, சாதாத் தண்ணீரை முதல் நாள் கால்பங்கு, மறுநாள் பாதி, மூன்றாம் நாள் முழுதாக நிரப்புங்கள். மூட்டுக்கு அடியில் செய்தித்தாள் போட்டு ஒரு வாரம் பாருங்கள். கசிவு சொட்டாகத் தெரியும் முன்பே தாளில் கறையாகத் தெரிந்துவிடும்.

இந்தச் சோதனையிலேயே கரண்டு கட்டையும் ஒத்திகை பார்த்துவிட வேண்டும். கடல்நீர்த் தொட்டிக்கு அடியில், ஸ்டாண்டுக்குள், ஃபில்டர் நடக்கும் இன்னொரு தொட்டி இருக்கும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் போல அதற்கும் சம்ப் என்றே பெயர். மேல்தொட்டியில் வழிவது வழிபெட்டி என்ற சிறு தடுப்புக்குள் விழுந்து அங்கே இறங்கும். பம்ப் அதைத் திரும்ப மேலே ஏற்றும். கரண்டு போனால் பம்ப் நிற்கும், மேலேற்றும் குழாய் சைஃபனாக மாறித் தண்ணீரைக் கீழே இழுக்கும். குழாயின் வாய் எத்தனை செ.மீ. முங்கியிருக்கிறதோ அத்தனை தண்ணீரும் இறங்கும். நம் தொட்டியில் 1 செ.மீ. என்பது 6.8 லிட்டர். 4 செ.மீ. முங்கியிருந்தால் 27 லிட்டர், குழாயிலும் வழிபெட்டியிலும் உள்ளதைச் சேர்த்தால் 32 லிட்டர். 90 × 40 செ.மீ. சம்பில் அது 9 செ.மீ. ஏறும். 40 செ.மீ. உயர சம்ப் என்றால் 28 செ.மீ.க்கு மேல் தண்ணீர் ஓட விடாதீர்கள். அந்தக் கோட்டை மார்க்கரால் வரைந்து வையுங்கள். சைஃபனை முறிக்கக் குழாயில் போடும் சிறு துளையைப் பாசி அடைத்துவிடும். தண்ணீரை ஒரு பக்கமாக மட்டும் விடும் செக் வால்வில் சுண்ணாம்பு படிந்தால் அது மூடாது. இரண்டையும் போடலாம், ஆனால் நம்ப வேண்டியது அந்த 12 செ.மீ. வெற்றிடத்தைத்தான். நடுராத்திரி கரண்டு போய், விடிந்ததும் ஹால் முழுக்க உப்புத்தண்ணீர் நிற்பது இந்தக் கணக்கைப் போடாமல் விட்டதால்தான்.

வயர் ஒவ்வொன்றும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி ஏற வேண்டும். வயரில் வழியும் துளி வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. கரண்டு கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். உப்புத்தண்ணீரில் கை விடும் வீட்டில் இதில் சமரசம் கூடாது. கரண்டு இல்லாத நேரத்தில் அலை எழுப்பும் சின்ன மோட்டாராவது பேட்டரியில் ஓடட்டும். நீரோட்டம் நின்றால் மீனுக்கு மூச்சு முட்டும்.

சூடு அடுத்த தலைவலி. தண்ணீர் 25 முதல் 27 டிகிரியில் நிற்க வேண்டும். மன்னார் வளைகுடாவிலேயே 2010, 2016 கோடைகளில் கடல் சூடாகிப் பவளங்கள் பெருமளவு வெளிறின. பாளையங்கோட்டையில் மே மாத மதியம் ஒரு அறைக்குள் அடைபட்ட 370 லிட்டர் எம்மாத்திரம்? வறண்ட காற்றில் ஃபேன் வைத்தால் 2, 3 டிகிரி இறங்கும். கோடைக்கு அது போதாது, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெஷின் வேண்டும். சில்லர் விடும் வெப்பம் அதே அறையில் சுற்றினால் பயனில்லை, அதற்கு வெளிப்போக்கு வேண்டும். ஃபேன் ஓடினால் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். 10 லிட்டர் குறைந்தாலே உப்புத்தன்மை (ஒரு கிலோ தண்ணீரில் எத்தனை கிராம் உப்பு என்ற கணக்கு) 35லிருந்து 36 ஆகும். குறைந்ததை ஈடுகட்ட உப்பில்லாத தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள்.

அந்தத் தண்ணீரும் ஆர்.ஓ.வுக்குப் பின், மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் வழியாக வந்து, மீட்டரில் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) பூஜ்யம் காட்ட வேண்டும். குடிக்க வைத்திருக்கும் ஆர்.ஓ. மெஷின் சுவைக்காகக் கொஞ்சம் உப்பை விட்டுவைக்கும், அது உதவாது. தூத்துக்குடி உப்பு இருக்க, மீன்தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்பு மிக்ஸ் எதற்கு என்று கேட்பார்கள். உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது உப்புக்கு முன்பே ஜிப்சம் படிந்து கால்சியத்தைக் கொண்டுபோய்விடும். மெக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரில் தங்கிவிடும். பாத்தியில் வாருவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டும். மிக்ஸ் உப்பு லிட்டருக்குச் சுமார் 38 கிராம் வீதம் கரைத்து, உப்புத்தன்மை 35 இருக்கிறதா என்று ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். உவரிப் பக்கத்துக் கடற்கரை மணலும் வேண்டாம். அதில் ஒரு காந்தத்தை இழுத்தால் கறுப்புத் துகள் ஒட்டிவரும். கண்ணாடி துடைக்கும் காந்தத்தில் அது சிக்கினால் ஒரே இழுப்பில் கண்ணாடி கீறல் விழும்.

கடைசியாகக் கல். கடலிலிருந்து பவளக் கல் கொண்டுவந்து தருகிறோம் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் இருக்கின்றன. கடல்விசிறி, கடல்குதிரையும் உண்டு. செத்துக் கரை ஒதுங்கிய கல்லுக்கும் விலக்கில்லை. தண்டனை 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. சட்டம் இருக்கட்டும், சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டியே தூத்துக்குடிக்கு எதிரே இருந்த விலாங்குச்சல்லித் தீவு தண்ணீருக்குள் போனது. 21 தீவுகளில் இரண்டு இப்படி மூழ்கிவிட்டன. மீன் குஞ்சு பொரிக்கும் பாறையை உடைத்து வரவேற்பறையில் வைப்பதை எந்த அழகும் நியாயப்படுத்தாது. மென்பவளம் என்று விற்பதையும் பில்லும் வந்த வழியும் தெரியாமல் வாங்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் வனத்துறையிடம் கேளுங்கள்.

சுட்ட செராமிக் கல் 30 கிலோ இந்தத் தொட்டிக்குப் போதும். சிறு துளைகள் நிறைந்த அதில், கழிவிலிருந்து வரும் அம்மோனியா, நைட்ரைட் என்ற நஞ்சுகளை மாற்றும் பாக்டீரியா குடியேற ஆறு வாரம் வரை ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கும் வரை ஒரு மீன்கூட விடாதீர்கள். கல்லை மணலின் மேல் அடுக்காமல் முதலில் அடிக்கண்ணாடியில் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் விரித்து அதன்மேல் அடுக்கி, பிறகு மணலைக் கொட்டுங்கள். மணலைத் தோண்டும் மீன்கள் கல்லுக்கு அடியில் குழி பறிக்கும். அப்போது சரியும் கல் 12 மி.மீ. கண்ணாடியையும் உடைக்கும். நான்கு பக்கமும் கண்ணாடியிலிருந்து ஒரு கை புகும் அளவு இடைவெளி விட்டு அடுக்குங்கள்.