ஒன்றாம் வகுப்பு விதிகள் யாருக்கு?

முதல் மணி அடித்து இருபது நிமிடம் கழித்து ஒரு பிள்ளை வகுப்பு வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறது. தாமதம் யாருடையது? எழுப்பியது, குளிப்பாட்டியது, வண்டியில் ஏற்றியது எல்லாம் வேறு ஆட்கள். தொடக்கப் பள்ளி விதிகள் 'மாணவர்களுக்கு' என்றுதான் எழுதப்பட்டிருக்கும். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையால் தானாகக் கடைப்பிடிக்க முடிந்தவை அவற்றில் மிகக் குறைவு. மீதி எல்லாம் வீட்டுக்கு.

தமிழ்நாட்டில் ஜூலை 31-க்குள் 5 வயது முடிந்திருந்தால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். கேந்திரிய வித்யாலயாவில் 6 வயது கேட்கிறார்கள். பிறகு அங்கே மாற்றும் எண்ணம் இருந்தால் இதை முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது, பிள்ளைக்கோ பெற்றோருக்கோ நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆகவே தாள் இல்லையென்று திரும்பிப் போக வேண்டாம்.

இருக்கும் தாள்களைத்தான் கவனிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் இன்னொரு எழுத்து, வீட்டில் கூப்பிடுவது மூன்றாவது பெயர் என்று வந்தால், சேர்க்கைப் பதிவேட்டில் ஏறுவது எது? அங்கே ஏறியதே பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களை வைத்திருக்கும் எமிஸ் இணையப் பதிவுக்கும், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழுக்கும் போகும். ஒன்றாம் வகுப்பில் பத்து நிமிடத்தில் திருத்தக்கூடிய பிழைக்குப் பத்தாம் வகுப்பில் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். தலைப்பெழுத்தைப் பாருங்கள்: தந்தை சரவணன் என்றால் தமிழில் 'ச', 'எஸ்' அல்ல. பிறந்த தேதியை நீங்களே வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லாமல் வெறும் 'ஆண்', 'பெண்' என்று இருந்தால், பிறப்பைப் பதிந்த அலுவலகத்தில் பெயரைச் சேர்த்துவிட்டு வாருங்கள். 5 வயதானதும் ஆதாரில் கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

பள்ளி மாற்றும்போது ஒரு சிக்கல் வரும். பழைய பள்ளி எமிஸில் பிள்ளையை விடுவித்துப் பொதுத் தொகுப்புக்கு அனுப்பினால்தான் புதிய பள்ளி தன் பட்டியலில் சேர்க்க முடியும். சொல்லாமல் கொள்ளாமல் ஊர் மாறினால் பிள்ளை ஒரு பள்ளியில் உட்கார்ந்திருக்கும், பெயர் இன்னொரு பள்ளியில் இருக்கும். பாடநூலும் சீருடையும் எந்தக் கணக்கில் வரும்? மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது சட்டம். ஆனாலும் கிளம்புவதற்கு முன் தலைமையாசிரியரைப் பார்த்து விடுவிக்கச் சொல்வதே நல்லது.

'அ, ஆ தெரியுமா, நூறு வரை எண்ணத் தெரியுமா' என்ற கவலையை விடுங்கள். அதைச் சொல்லித்தரத்தான் பள்ளி. ஜூன் மாதத்தில் உண்மையில் தேவைப்படுவது வேறு: சாப்பாட்டு டப்பாவைத் தானே திறப்பது, தண்ணீர் பாட்டிலைச் சிந்தாமல் மூடுவது, கால்சட்டையைத் தானே இறக்கி ஏற்றுவது, கழுவிக்கொள்வது, 'மிஸ், ஒன்னுக்கு வருது' என்று வாய்திறந்து கேட்பது. இறுக்கமான கொக்கி வைத்த கால்சட்டையைவிட எலாஸ்டிக் போட்டது நல்லது. கொக்கியைக் கழற்றத் தெரியாமல் நனைத்துவிட்டு, வெட்கப்பட்டு மறுநாள் பள்ளிக்கே வரமாட்டேன் என்று அழும் பிள்ளைகள் உண்டு. வீட்டில் அதைப் 'படிப்பில் விருப்பமில்லை' என்று எடுத்துக்கொள்கிறார்கள். முதல் இரண்டு மாதம் பையில் ஒரு மாற்று உடையை வையுங்கள்.

காலை நேரம் முக்கியம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் எல்லாம் வகுப்பு தொடங்கும் முன் பரிமாறப்படும். மணி அடிக்கும்போது வரும் பிள்ளைக்கு அது கிடைக்காது, வீட்டிலும் சாப்பிட்டிருக்காது. பதினொரு மணிக்கு அது மேசையில் தலையைச் சாய்க்கும். காரணம் சோம்பல் இல்லை, பசி. வருகைப் பதிவு காலை, மதியம் என்று தனித்தனி. மதிய உணவுக்குப் பிறகு கூட்டிக்கொண்டு போனால் அரை நாள் போயிற்று. தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்கள் என்பது சட்டம் வைத்த கணக்கு. திருவிழா, சொந்தக்காரர் கல்யாணம் என்று வாரம் ஒரு நாள் நின்றாலே ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகும். கழித்தலில் கடன் வாங்குவதைச் சொல்லித்தந்த இரண்டு நாளும் அதில் போய்விட்டால், மீதி மாதம் முழுக்க அந்தப் பிள்ளைக்குக் கணக்கு புரியாது.

நிற்க வேண்டிய நாளில் நிற்கவும் வேண்டும். காய்ச்சலோடு இருக்கும் பிள்ளைக்கு ஏழு மணிக்குப் பாராசிட்டமால் கொடுத்து அனுப்புவது நல்லதல்ல. மருந்தின் வேலை நான்கு முதல் ஆறு மணி நேரம். மதியத்துக்குள் காய்ச்சல் திரும்பிவிடும், அதற்குள் பெஞ்சில் இருக்கும் மூவருக்கும் தொற்றியிருக்கும். மருந்து இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால் அனுப்புங்கள். சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை வீட்டில். மூன்றாம் தண்ணீர் ஊற்றியாயிற்று என்பது மட்டும் போதாது, தோலைப் பாருங்கள். பொன்னுக்கு வீங்கி வந்தால் வீக்கம் தொடங்கியதிலிருந்து 5 நாள். பேனுக்கு விடுப்பு தேவையில்லை, சீப்பு போதும். மாத்திரையைப் பிள்ளையின் பையில் போட்டு அனுப்பாதீர்கள். பக்கத்துப் பிள்ளை அதை மிட்டாய் என்று தின்றுவிடும். பள்ளியில் குடற்புழு நீக்க அல்பெண்டசோல் தரும் நாளில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் காலையிலேயே ஆசிரியரிடம் சொல்லுங்கள். வேறொரு நாளில் கொடுப்பார்கள்.

பிள்ளையை அழைத்துப் போகக்கூடியவர்களின் பெயர், கைபேசி எண்ணை எழுதிக் கொடுங்கள். எண் மாறினால் அன்றே சொல்லுங்கள். 'சித்தப்பா வந்திருக்கேன்' என்று பட்டியலில் இல்லாத ஒருவர் வந்தால் பள்ளி அனுப்பக் கூடாது. அனுப்பாவிட்டால் கோபிக்கவும் கூடாது. தங்கத் தோடு, கொலுசு, விலை கூடிய பொம்மை வேண்டாம்.

வீட்டுப்பாடம் தரவில்லையே என்ற குறை அடிக்கடி வரும். 2020-இன் பள்ளிப் பைக் கொள்கைப்படி ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கிடையாது. மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம். பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 18 கிலோ பிள்ளைக்கு 1.8 கிலோ, தண்ணீர் பாட்டிலே அதில் பாதியைத் தின்றுவிடும் என்பதையும் பாருங்கள்.

இனி அடி. 'கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்' என்று இன்றும் சில அப்பாக்கள் சொல்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பெற்றோர் அனுமதித்தால் சரி என்று அதில் எங்கும் இல்லை. முட்டி போடவைப்பது, வெயிலில் நிற்கவைப்பது, கழிப்பறைக்கு விடாதது, 'உங்க ஆளுங்களுக்குப் படிப்பு எதுக்கு' என்று கேட்பது எல்லாம் எந்தப் பள்ளியிலும் நடக்கக் கூடாதவை. நடந்தால் வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், அங்கும் தீரவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலர் என்று எழுத்தில் கொடுங்கள். கல்வி உதவிக்கு 14417, குழந்தைகள் உதவிக்கு 1098. இரண்டும் கட்டணமில்லாதவை. பிள்ளையின் காயத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் நாளைக்கு வகுப்பில் எல்லோரும் பார்ப்பது உங்கள் பிள்ளையைத்தான்.

பிள்ளைகளுக்குள் சண்டை வந்தால் வாசலில் நின்று அடுத்தவர் பிள்ளையை அதட்டாதீர்கள். 'யார் அடிச்சா?' என்று கேட்டால் ஒரு பெயர் மட்டும் கிடைக்கும். 'அப்போ எங்கே இருந்தீங்க? அதுக்கு முன்னாடி என்ன விளையாடினீங்க?' என்று கேட்டால் நடந்தது கிடைக்கும். அதை ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

பள்ளி செய்ய வேண்டியவற்றைக் கேட்க பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோரும் பாதுகாவலருமாக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். ஆனால் பல ஊர்களில் கூட்டம் கையெழுத்தோடு முடிகிறது. 'கழிப்பறை சரியில்லை' என்று பொதுவாகச் சொல்வதைவிட, 'பெண் பிள்ளைகள் கழிப்பறையில் இரண்டாவது கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, மதியத்துக்குப் பிறகு குழாயில் தண்ணீர் வருவதில்லை' என்று சொல்லித் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். யார், எந்தத் தேதிக்குள் என்பதும் அதே வரியில் இருக்கட்டும். அடுத்த கூட்டம் அந்த வரியை வாசிப்பதில் தொடங்க வேண்டும்.