வியர்வை தெரியாத சட்டை சாத்தியமா?

ஜவுளித் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர் ஒருவர் தொழில் தொடங்கப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சென்னை வெயிலில் பைக் ஓட்டி ஆபீஸ் போகிறவர்களுக்கான சட்டை அது. அக்குளிலும் முதுகிலும் ஈரத்திட்டு தெரியக் கூடாது, உடம்பும் குளுகுளுவென்று இருக்க வேண்டும். துணிக்குத் திருப்பூர் இருக்கிறது, வாங்கவும் ஆள் இருப்பார்கள். சிக்கல் என்னவென்றால், ஒரே சட்டையிடம் அவர் கேட்கும் இந்த இரண்டு வேலைகளும் ஒத்துப்போவதில்லை.

வியர்ப்பதால் மட்டும் உடம்பு குளிர்ந்துவிடாது. அந்த வியர்வை ஆவியாக வேண்டும். ஒரு கிராம் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பம் தேவை, அதில் பெரும்பகுதி தோலிலிருந்து போகிறது. ஒரு லிட்டர் வியர்வைக்கு இதைக் கணக்குப் போட்டால், 1,000 வாட் ஹீட்டர் 40 நிமிடம் ஓடினால் வரும் வெப்பம். சொட்டுச் சொட்டாகக் கீழே விழுந்த வியர்வையால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஆவியாகும் வேகத்தைக் காற்றிலுள்ள ஈரம் தீர்மானிக்கிறது. 35 டிகிரியில் நனைந்திருக்கும் தோலின் மேல் நீராவி அழுத்தம் சுமார் 5.6 கிலோபாஸ்கல். சென்னையில் 35 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் என்றால் சுற்றியுள்ள காற்றில் ஏற்கெனவே 3.4 இருக்கும். இடைவெளி 2.2தான். ராஜஸ்தானில் 40 டிகிரி, 20 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு நாளில் காற்றில் இருப்பது 1.5, இடைவெளி 4.1. வெப்பமானி அங்கேதான் அதிகம் காட்டும், ஆனால் வியர்வை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் காயும். வறண்ட ஊரில் பிரமாதமாக வேலை செய்யும் துணி நம் கடற்கரை ஊர்களில் சொதப்புவதற்கு இதுதான் காரணம். எந்த நூலாலும் இந்த 2.2-ஐ 4.1 ஆக்க முடியாது. துணியால் முடிந்தது, வியர்வையை அகலமாகப் பரப்பி, காற்று படும் பரப்பைக் கூட்டுவது மட்டுமே.

இங்கே பருத்திக்கு ஒரு பலவீனம் உண்டு. சாதாரண அறைச் சூழலிலேயே அது தன் எடையில் 7, 8 சதவீதம் ஈரத்தை இழைக்குள் வைத்திருக்கும். பாலியஸ்டரில் அது அரை சதவீதம்கூட வராது. நிறைய வியர்த்தால் பருத்தி இழை உப்பி, நடுவிலுள்ள இடைவெளிகள் அடைபட்டு, துணி முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பாலியஸ்டர் இழைக்குள் நீர் போகாது, இழைகளுக்கு நடுவிலுள்ள சந்துகள் வழியாக ஓடும். சந்து குறுகக் குறுக, நுண்புழை விசையின் (மெல்லிய சந்துக்குள் நீர் தானாக ஏறும் விசை) இழுப்பு கூடும். அதனால்தான் விளையாட்டு பனியன்களில் நுண்ணிய இழைகள். 1986இல் டுபாண்ட் நிறுவனம் கொண்டுவந்த கூல்மேக்ஸ் இழையில் நீளவாக்கில் பள்ளங்களே இருந்தன. இந்தப் பள்ளம் துவைத்தால் போகாது. விலை குறைந்த துணிகளில் இதே வேலையைச் செய்ய மேலே பூசும் ரசாயனம் துவைக்கத் துவைக்கக் கரைந்துவிடும்.

சரி, ஈரத்திட்டு? உலர்ந்த துணியில் இழைகளுக்கு நடுவே காற்று இருப்பதால் ஒளி நன்றாகச் சிதறித் திரும்புகிறது. அந்த இடத்தை நீர் நிரப்பினால் சிதறல் குறைந்து, ஒளி ஆழமாகப் போய்ச் சாயத்தில் மாட்டிக்கொள்கிறது. அதுதான் கருந்திட்டு. சாம்பல் நிறச் சட்டை உடனே காட்டிக்கொடுக்கும். வெள்ளையில் ஒளியை விழுங்கச் சாயமே இல்லை, அடர் நீலமோ முதலிலேயே இருட்டு.

மாணவரின் முரண்பாடு இப்போது தெரியும். ஒருபக்கம் நீரை விலக்கி மறுபக்கம் உறிஞ்சும் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சும் பக்கம் வெளியே இருந்தால், வியர்வை அங்கே வந்து பரவிக் காயும். தோல் உலர்ந்திருக்கும், திட்டு பெரிதாகத் தெரியும். அதே துணியைத் திருப்பித் தைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும், ஆவி மட்டும் மெதுவாக வெளியேறும். பார்ப்பவருக்குத் தெரியாது, போட்டிருப்பவருக்குக் கசகசக்கும். நீரை ஒட்டவிடாத ஃபுளோரோகார்பன் ரசாயனத்தைத் துணி முழுக்கப் பூசிவிடலாம் என்று சிலர் நினைப்பார்கள். நான் அதற்கு ஓட்டுப் போட மாட்டேன். வியர்வை போக வழியில்லாமல் தோலிலேயே வழியும். தவிர, அந்த வகை வேதிப்பொருள்களில் பிஎஃப்ஓஏ என்ற ஒன்றை 2019இல், எளிதில் சிதையாத நச்சு ரசாயனங்களுக்கான சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையே ஒழிப்புப் பட்டியலில் சேர்த்தது.

என் யோசனை, சட்டையைப் பிரித்துப் பார்ப்பது. கையைத் தொங்கவிட்டால் அக்குளில் காற்றே புகாது. அங்கே ஆவியாவது எப்படியும் சொற்பம், ஆகவே மறைக்கும் துணியை அங்கே வைக்கலாம். முதுகிலும் நெஞ்சிலும் பரப்பும் துணி. திருப்பூரில் பிளேட்டிங் முறையில் பின்னினால் ஒரு நூல் உட்பக்கமும் மற்றொன்று வெளிப்பக்கமும் வரும், இரண்டு அடுக்கு தைக்கத் தேவையில்லை. அளவையும் கொஞ்சம் தளர்வாக வைக்க வேண்டும். நடக்கும்போது துணி அசைந்து உள்ளேயிருக்கும் ஈரக் காற்றை வெளியே தள்ளும். புழுக்கமான ஊரில் நூலைவிட இது பெரிய உதவி.

நாற்றம் தனிக் கதை. மைக்ரோகாக்கஸ் வகை பாக்டீரியாக்கள் பருத்தியைவிடப் பாலியஸ்டரில் நன்றாக வளர்கின்றன. அக்குள் பகுதிக்குப் பாலியஸ்டரைத் தேர்ந்தெடுத்தால் இதையும் சமாளித்தாக வேண்டும்.

சோதனைக்குப் பெரிய லேப் வேண்டாம். துணியை நீளமாக வெட்டி, நுனியைச் சாயம் கலந்த நீரில் தொடவிட்டுத் தொங்கவிட்டு, 10 நிமிடத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கலாம். அப்புறம் 20 முறை துவைத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். ஒரு தடவையாவது ஃபேப்ரிக் சாஃப்ட்னர் போட்டும் பார்க்க வேண்டும். அது இழைமேல் மெழுகுபோலப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடும், வாங்குகிறவர் வீட்டில் அதைப் போடாமல் இருக்கப் போவதில்லை.