கிண்ணத்தைக் காதால் வாங்குவது எப்படி?

இலங்கை மலையகத்தின் பண்டாரவளையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர். தினமும் சற்று நேரம் ஓரிடத்தில் அமைதியாக உட்காரும்படி வைத்தியர் சொல்லியிருக்கிறார். மகளுடன் எல்ல நகருக்குப் போன இடத்தில், சுற்றுலாப் பயணிகளை நம்பி நடக்கும் கடையொன்றில் 'பாடும் கிண்ணங்கள்' வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதைக் கண்டு உள்ளே நுழைந்திருக்கிறார். கடைக்காரர் இவருடைய பிறந்த திகதியைக் கேட்டு, இதயச் சக்கரத்துக்குரிய கிண்ணமே இவருக்குப் பொருந்தும் என்றும், அது ஏழு உலோகங்கள் கலந்து செய்யப்பட்டது என்றும் கூறி, கடைசியாக விலையைச் சொன்னாராம். "ஐயா, விலையைக் கேட்டதுமே என் இதயச் சக்கரம் தானாகச் சுழன்றுவிட்டது" என்று எழுதும் அந்த அம்மா, இரண்டு கேள்விகளைக் கேட்கிறார். எதைப் பார்த்து முதல் கிண்ணத்தை வாங்குவது? ஒரு கோலால் விளிம்பைத் தேய்த்தால் கிண்ணம் ஏன் பாடுகிறது?

இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், முதலாவதற்குக் கடைக்காரரின் உதவி தேவைப்படாது.

பாடும் கிண்ணம் என்பது கவிழ்த்துப் பிடிக்காத ஒரு மணி. கோவில் மணி உச்சியில் கட்டப்பட்டு, விளிம்பு கீழ்நோக்கித் தொங்கும். கிண்ணமோ அடிப்பகுதியால் மெத்தையில் அமர்ந்து, விளிம்பை மேல்நோக்கி வைத்திருக்கும். இரண்டிலும் அதிர்வது விளிம்புதான். 'திபெத்தியக் கிண்ணம்' என்ற பெயரில் விற்கப்பட்டாலும், சந்தைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை நேபாளத்திலும் இந்தியாவிலும் செய்யப்படுபவை. பொருள் அதிர்ந்தால் காற்று அதிரும், காற்று அதிர்ந்தால் செவிப்பறை அதிரும் என்பதெல்லாம் எட்டாம் வகுப்புப் பாடம் என்பதால் அதைத் தாண்டிச் செல்கிறேன்.

விளிம்பு எப்படி அதிர்கிறது என்பதில்தான் சுவை இருக்கிறது. வட்டமான விளிம்பு, தட்டியவுடன் ஒரு திசையில் சற்று நீண்டு முட்டை வடிவம் கொள்கிறது. அடுத்த கணம் வட்டத்துக்குத் திரும்பி, அதற்குச் செங்குத்தான திசையில் நீள்கிறது. 220 ஹேர்ட்ஸ் மீடிறனுள்ள கிண்ணம் ஒரு செக்கனில் 220 தடவை இப்படி மாறி மாறி நீளும். இந்த அசைவு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஆனாலும் விளிம்பில் நான்கு இடங்கள் உள்ளும் புறமுமாக வலுவாக அசைய, அவற்றுக்கு நடுவேயுள்ள நான்கு இடங்கள் அவ்வாறு அசையாமல் நிற்கின்றன. அசையும் இடங்கள் முரண்கணுக்கள், அசையாதவை கணுக்கள். நூலில் ஒரு சிறு பாசிமணியைக் கட்டி, ஒலிக்கும் கிண்ணத்தின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் மெல்ல நகர்த்திப் பாருங்கள்: ஓரிடத்தில் மணி தெறித்து விலகும், இரண்டு விரல்கடை தள்ளிப் போனால் சாதுவாகச் சாய்ந்து கிடக்கும். உயர்தர வகுப்பு மாணவர்களுக்குக் கணுவைக் கரும்பலகையில் வரைந்து காட்டும் ஆசிரியர்கள் ஒரு தடவையேனும் இதைச் செய்து காட்டலாம்.

இதே விளிம்பு, நான்குக்குப் பதில் ஆறு கணுக்களுடனும், எட்டுக் கணுக்களுடனும் ஒரே நேரத்தில் அதிர்கிறது. வீணைத் தந்தியில் மேற்சுரங்கள் அடிப்படை மீடிறனின் 2 மடங்கு, 3 மடங்கு என முழு எண்களில் வரும். வளைய வடிவப் பொருள்களில் அப்படி வருவதில்லை; இரண்டாவது ஒலி ஏறத்தாழ 2.8 மடங்கிலும், மூன்றாவது 5.4 மடங்கிற்கு அருகிலும் அமைகின்றன. ஆகவே ஒரு கிண்ணம் ஒரே சுரத்தைப் பாடுவதில்லை. 'இந்தக் கிண்ணம் இன்ன சுரம், இன்ன சக்கரம்' என்பவரிடம், அதில் கேட்கும் மூன்று நான்கு ஒலிகளில் எந்த ஒலி என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். 432 ஹேர்ட்ஸ் பிரபஞ்சத்தின் மீடிறன் என்று சொல்பவர்களிடம் கேட்க இன்னொரு கேள்வி உண்டு. ஹேர்ட்ஸ் என்பது செக்கனைக் கொண்டு அளக்கப்படுவது, செக்கன் என்பது ஒரு நாளை மனிதர்கள் தம் வசதிக்காகக் கூறுபோட்டதில் வந்தது. அந்தக் கூறுபாட்டுக்குப் பிரபஞ்சம் எப்போது சம்மதித்தது?

ஏழு உலோகக் கதையையும் இங்கேயே முடித்துவிடலாம். நல்ல கிண்ணங்களின் உலோகம் வெண்கலம்: ஏறத்தாழ நான்கு பங்கு செம்பும் ஒரு பங்குக்குச் சற்று மேலான வெள்ளீயமும் சேர்ந்த கலவை. தங்கமும் வெள்ளியும் கலந்தது என்பது விலைக்குச் சேர்க்கப்படும் கலவை. இவ்வளவு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம் குளிர்ந்த நிலையில் சம்மட்டி அடியைத் தாங்காமல் நொறுங்கிவிடும் என்பதால், அதைச் செந்தணலாக இருக்கும்போதே அடித்து உருவாக்கி, பிறகு நீரில் சட்டென்று அமிழ்த்திக் குளிரவைக்கிறார்கள். இந்த வித்தைக்காக இமயமலைக்குப் போகத் தேவையில்லை. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரிலும், நம்மைப் போலவே தேயிலை வளரும் நீலகிரியிலும் உள்ள பழங்கால ஈமக்காடுகளில் இதே வகை உயர்வெள்ளீய வெண்கலப் பாத்திரங்கள் கிடைத்திருக்கின்றன. கண்டிக்கு அருகே பிலிமத்தலாவையில் பெயர்பெற்றது பித்தளை வேலை. அது செம்பும் நாகமும் சேர்ந்த வேறு கலவை. பித்தளைக் கிண்ணமும் ஒலிக்கும். எனினும் நான் தட்டிப் பார்த்தவற்றில் வெண்கலத்தின் ஒலியே நீண்டு நின்றது.

தேயிலைத் தோட்டங்களில் முன்பு பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, ஆள் கூட்ட அடித்த தப்பு மேளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றிய அந்தத் தோல், தான் பெற்ற ஆற்றல் முழுவதையும் ஓரிரு கணங்களில் காற்றில் கொட்டிவிடுவதால்தான் அதன் ஓசை தொழிலாளர் குடியிருப்பு லயங்கள்தோறும் எட்டியது. வெண்கலம் கஞ்சன். பெற்ற ஆற்றலை உள்ளே வைத்துக்கொண்டு சிறிது சிறிதாகவே வெளியே விடும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். கிண்ணத்தைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டால், ஒலி சீராகத் தேய்ந்து போகாமல் ஊஞ்சல்போல எழுந்தும் தாழ்ந்தும் வருவதை உணரலாம். 'உயிருள்ள ஒலி' என்று விற்பனையாளர்கள் புகழ்வது இதைத்தான். இதற்கு நம் பாடநூலில் உள்ள பெயர் அடிப்பு. தமிழ்நாட்டில் மீடிறனை அதிர்வெண் என்றும், அடிப்பை விம்மல் என்றும் படிக்கிறார்கள். இந்த ஒரு சொல்லில் அவர்கள் நம்மை வென்றுவிட்டார்கள் என்பதால் நானும் விம்மல் என்றே எழுதப்போகிறேன்.

கிண்ணம் குறையே இல்லாத வட்டமாகவும் எங்கும் ஒரே தடிப்பாகவும் இருந்தால் விம்மல் இராது. கையால் அடித்துச் செய்த கிண்ணம் அப்படி அமைவதில்லை. ஒரு பக்கம் மயிரிழையளவு தடித்திருக்கும், மறுபக்கம் மெலிந்திருக்கும். அதனால் நான்கு கணுக்கள் கொண்ட அந்த அதிர்வு, 45 பாகை விலகி நிற்கும் இரட்டைப் பிள்ளைகளாகப் பிரிகிறது. மூத்தவனுக்கு 220 ஹேர்ட்ஸ் என்றால் இளையவனுக்கு 221 என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்து ஒலிக்கையில் ஒரு கணம் ஒன்றையொன்று வலுப்படுத்தி, அரைச் செக்கன் கழித்து ஒன்றையொன்று அழித்து, மறுபடி வலுப்படுத்துவதால், செக்கனுக்கு ஒரு விம்மல் கேட்கிறது. வேறுபாடு அரை ஹேர்ட்ஸ் என்றால் இரண்டு செக்கனுக்கு ஒன்று. நான்கு ஹேர்ட்ஸ் என்றால் செக்கனுக்கு நான்கு என்று படபடக்கும். கொரியாவில் கி.பி. 771இல் வார்க்கப்பட்ட சொங்டொக் மன்னரின் பெருமணி இத்தகைய நீண்ட விம்மலுக்காகவே பெயர்பெற்றது. மக்கள் நெஞ்சுருகக் கேட்பது, உண்மையில் வட்டத்தில் நேர்ந்த ஒரு சிறு கோணலை.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி ஒவ்வொரு விரலகலமாக நகர்ந்து மெல்லத் தட்டிச் செல்லுங்கள். இரட்டையரில் ஒருவனின் முரண்கணுவில் தட்டினால் அது மற்றவனின் கணுவாக இருப்பதால், அவன் விழிக்கமாட்டான். ஒலி விம்மாமல் நேராகத் தேயும். அங்கிருந்து சுற்றளவில் பதினாறில் ஒரு பங்கு தள்ளித் தட்டினால் இருவரும் சம அளவில் விழித்துக்கொள்வார்கள், விம்மல் உச்சத்தில் இருக்கும். ஒரே கிண்ணம், ஒரே கோல், இரண்டு விரலகலத்தில் இரண்டு குணம். முதன்முதலில் இதைக் கேட்ட இரவில் நான் சாப்பாட்டை மறந்து விளிம்பில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன் என்பதை வீட்டார் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

தேய்க்கும்போது நடப்பது வேறு. தோல் சுற்றிய கோல் விளிம்பைப் பற்றிச் சிறிது இழுக்கிறது. உலோகத்தின் மீள்விசை உராய்வை மிஞ்சியதும் விளிம்பு வழுக்கிப் பின்வாங்குகிறது. உடனே கோல் மீண்டும் பற்றுகிறது. வயலின் வில்லும் தந்தியும் செய்வது இதே வேலைதான். எப்போது பற்றுவது, எப்போது வழுக்குவது என்ற தாளத்தைத் தீர்மானிப்பது கை அல்ல, கிண்ணத்தின் இயல்பான மீடிறன். ஆகையால் கோலை வேகமாகச் சுற்றினால் சுரம் உயர்வதில்லை. கோல் தொடும் இடத்தை ஒட்டி ஒரு கணு அமைந்துகொள்ள, கோல் நகர நகரக் கணுக்களும் முரண்கணுக்களும் சேர்ந்து சுற்றி வருகின்றன. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் காதை ஒரு சுற்றில் நான்கு முரண்கணுக்கள் கடந்து போவதால், கோலால் பிறக்கும் இந்த ஏற்ற இறக்கம் சுற்றுக்கு நான்கு தடவை வரும். தட்டும்போது கேட்கும் விம்மல் கிண்ணத்தின் சொத்து. தேய்க்கும்போது வருவதில் ஒரு பங்கு உங்கள் கையுடையது.

கிண்ணத்தில் பாதிக்குக் குறைவாக நீர் ஊற்றித் தேய்த்தால், விளிம்போரம் நீரில் நுண்ணிய மடிப்புகள் எழுவதையும், மேலும் அழுத்தினால் துளிகள் துள்ளுவதையும் பார்க்கலாம். அந்த மடிப்புகள் விளிம்பின் மீடிறனில் பாதியில் அசைகின்றன. இத்தகைய அலைகளை மைக்கல் ஃபரடே 1831இல் விவரித்தார். 2011இல் டெனி தெர்வானும் ஜோன் புஷ்ஷும் துள்ளும் துளிகளை அதிவேகக் கமராவில் பிடித்து, அவற்றில் சில நீர்ப்பரப்பின் மேல் மூழ்காமல் குதித்துக்கொண்டே இருப்பதைக் காட்டினார்கள். கிண்ணத்தில் தண்ணீர் தெளித்து விளையாட எதற்குப் பணம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. நம் தோட்டப் பாடசாலை ஆய்வுகூடங்களில் ஓர் இசைக்கவைக்கு இரண்டு வகுப்புகள் அடித்துக்கொள்கையில், ஆயிரக்கணக்கான ரூபாயைச் சக்கரக் கிண்ணத்துக்குச் செலவிடும் நாம் அதைக் கேட்கத் தகுதியுள்ளவர்கள் அல்ல.

அம்மாவின் முதல் கேள்விக்கு இனி விடை எளிது. வீதி இரைச்சல் இல்லாத மூலைக்குக் கிண்ணத்தைக் கொண்டுபோய், விரல்கள் பக்கங்களில் படாதபடி விரித்த உள்ளங்கையில் வைத்து, மெத்தைத் தலையுள்ள கோலால் ஒரே ஒரு தடவை மெல்லத் தட்டுங்கள். மண்பானை வாங்குபவர் தட்டிப் பார்ப்பது எதற்கோ அதற்கேதான் இதுவும்: கரகரப்போ இரைச்சலோ கலந்து வந்தால் கீறல் இருக்கிறது, வைத்துவிடுங்கள். ஒலி முழுவதும் அடங்கும் வரை எத்தனை ஆறுதலான மூச்சுகள் எடுக்க முடிகிறது என எண்ணுங்கள். அதே அளவுள்ள வேறு கிண்ணங்களிலும் எண்ணுங்கள். விம்மல் படபடப்பாக இருந்தால் மூச்சைக் கவனிக்க விடாது, செக்கனுக்கு ஒன்றோ அதற்கும் குறைவோ இருந்தால் அதனோடு மூச்சு தானாகச் சேர்ந்துகொள்ளும் என்பது என் அனுபவம். அகலம் கூடினால் சுரம் இறங்கும், தடிப்புக் கூடினால் ஏறும். தேய்த்துப் பழக விரும்பினால் உள்ளங்கையில் அமரும் 12 முதல் 15 சென்ரிமீற்றர் கிண்ணம் போதும். தட்டிக் கேட்க மட்டும் என்றால் பெரியது நல்லது. கோல் 'கடகட'வென அதிர்ந்தால் வேகத்தைக் குறைத்து அழுத்தத்தைக் கூட்டுங்கள். உருக்கிய சிலிக்காவில் செய்த பளிங்குக் கிண்ணங்கள் அழகாக ஒலித்தாலும், எல்லயிலிருந்து பண்டாரவளைக்கு பஸ்ஸில் கொண்டுவரக்கூடிய பொருளாக எனக்குத் தோன்றவில்லை.

குணமாக்குமா என்பதற்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 62 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், கிண்ண ஒலியுடன் தியானித்த பின்னர் அவர்களுடைய மனஇறுக்கம் குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாததால், குறைத்தது கிண்ணமா, ஒரு மணிநேரம் படுத்திருந்ததா என்று அதிலிருந்து சொல்ல முடியாது. அமைதியாக உட்கார ஒரு காரணம் கிடைப்பதே நல்லதுதான். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள், அம்மா.

கடைசியாக ஒன்று. கடைக்குப் போகும் முன் வீட்டுப் பரணைப் பாருங்கள். எங்கள் வீட்டில் பாட்டியின் தாயார் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் வெண்கலக் கும்பா ஒன்று இருக்கிறது. பழைய சோறு உண்டு, சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, அதன் விளிம்பு ஒரு பக்கம் மெலிந்துவிட்டது. அதை மடித்த துவாயின் மேல் வைத்து, துணி சுற்றிய அகப்பைக் காம்பால் தட்டினேன். கைப்பேசியில், ஒலியின் மீடிறன்களை வரைபடமாகக் காட்டும் ஃபைஃபொக்ஸ் செயலியைத் திறந்து பார்த்தபோது, திரையில் ஒரே முனையாகத் தெரிந்த மீடிறன், பதிவை நீட்டியதும் இரண்டாகப் பிரிந்தது. மூன்று செக்கனுக்கு இரண்டு விம்மல். மெலிந்த பக்கத்துக்கு நேரே தட்டினால் ஒன்றும் இல்லை.