"சிஸ்டர், ஐ ஃபீல் எ பிட் ஃபன்னி"

வெளிநாடு போகிற நர்ஸ்களுக்கு ஆங்கிலப் பயிற்சி கொடுப்பது என் வேலை. திருச்சியில் ஒரு மாடி அறை, பத்துப் பன்னிரண்டு நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை. வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஓஇடி எழுதப் போகிறவர்கள். மருத்துவத் துறையில் வேலை செய்கிறவர்களுக்கான ஆங்கிலத் தேர்வு அது. பிரிட்டனின் நர்சிங் கவுன்சில் 2017 முதல் இந்தத் தேர்வை ஏற்றுக்கொள்கிறது. பேச்சுப் பகுதியில் இரண்டு ரோல் ப்ளே, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் போல. வகுப்பில் நோயாளியாக நான் நடிப்பேன், அவர்கள் நர்ஸாகவே இருப்பார்கள்.

ஒருநாள் படுக்கையில் கிடக்கும் பெரியவராக நடித்துக்கொண்டு, "சிஸ்டர், ஐ ஃபீல் எ பிட் ஃபன்னி" என்றேன். எதிரில் இருந்த பெண்ணுக்குப் பத்து வருட ஐசியு அனுபவம். சிரித்தபடி "வெரி குட் சார், கீப் ஸ்மைலிங்" என்றாள். அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் 'என்னமோ மாதிரி இருக்கும்மா' என்பதுதான். தலைசுற்றலாக இருக்கலாம், குமட்டலாக இருக்கலாம், சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கலாம். நம்மூர் வார்டில் ஒருவர் தமிழில் அப்படிச் சொல்லியிருந்தால், இதே பெண் அடுத்த நொடி நாடியைப் பிடித்திருப்பாள். கை பழகியிருக்கிறது, காது பழகவில்லை, அவ்வளவுதான்.

உணர்ச்சியைச் சொல்லும் ஆங்கிலத்தில்தான் நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். மருந்துப் பெயர், நோயின் பெயர் எல்லாம் சரளமாக வரும். 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று சொல்லச் சொன்னால் வாய் குழறும். காரணம் அந்த 'எனக்கு'. தமிழில் கோபம் வரும், அழுகை வரும், வெட்கமாக இருக்கும், எரிச்சலாக இருக்கும். எல்லாமே எனக்குத்தான் வருகின்றன, நான் அவற்றைச் செய்வதில்லை. ஆங்கிலத்தில் 'ஐ' என்று தொடங்கிவிட்டால் நானே எழுவாய். நான் கோபமாகவே ஆகிவிட வேண்டும்: "ஐ ஆம் ஆங்ரி".

அங்கேதான் சொல்லின் கடைசியில் 'இங்' (-ing) வருமா, 'எட்' (-ed) வருமா என்ற குழப்பம் தொடங்குகிறது. வேலைக்கான நேர்முகத்தில் ஒரு தம்பி, "ஐ ஆம் வெரி இன்டரஸ்டிங் இன் திஸ் ஜாப்" என்று சொல்லிவிட்டு வந்தான். 'நான் மிகவும் சுவாரசியமானவன்' என்று தன்னைத்தானே பாராட்டிக்கொண்டது அவனுக்குத் தெரியாது. இதற்கு நான் இலக்கணம் சொல்வதில்லை. அடிக்கிறது இங், அடி வாங்குகிறது எட், அவ்வளவுதான். செய்தி ஷாக்கிங், கேட்ட நான் ஷாக்ட். ஊசி ஃப்ரைட்டனிங், குழந்தை ஃப்ரைட்டன்ட். நோயாளி அழுதுகொண்டிருக்கும்போது நர்ஸ் போய் "யூ ஆர் அப்செட்டிங்" என்றால், 'உங்களால் என் மனசு கெடுகிறது' என்றாகிவிடும்.

சரி, நம் 'எனக்கு' ஆங்கிலத்தில் அடியோடு இல்லையா என்றால், இருக்கிறது. "டு மை சர்ப்ரைஸ்", "டு மை ஹாரர்", "மச் டு மை ரிலீஃப்" என்றெல்லாம் ஒரு சம்பவத்தைச் சொல்வதற்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வருகிறதே, அதுதான். "டு மை ரிலீஃப், த ரிப்போர்ட் வாஸ் நார்மல்" என்றால் ரிப்போர்ட் நார்மல், அதைக் கேட்டு 'அப்பாடா' என்று மூச்சு விட்டது நான். நடந்தது ஒன்று, நடந்ததைக் கேட்டு என் மனசு பட்டது ஒன்று, இரண்டும் ஒரே வரியில் தனித்தனியாக நிற்கின்றன. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வரும் "மீதிங்க்ஸ்" கூட 'எனக்குத் தோன்றுகிறது' என்பதேதான், அந்த 'மீ' நம் 'எனக்கு'. பழைய ஆங்கிலத்தில் 'லைக்' என்ற சொல்லும் நம் 'பிடித்திருக்கிறது' போலத்தான் இருந்தது: பொருள்தான் எழுவாய், மனிதருக்கு அது பிடிக்கும். பிற்பாடு மாறிப்போனது. இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு நிம்மதி வரும். நாம் மட்டும் கோணலாக யோசிக்கவில்லை பாருங்கள்.

அப்புறம் நாமே உருவாக்கி வைத்திருக்கிற ஆங்கிலம். "ஐ ஆம் மூட் அவுட்" என்று லண்டனில் சொன்னால் ஒருவருக்கும் புரியாது. "ஐ ஆம் டென்ஷன்" அதே கதை. "ஹீ ஃபெல்ட் எ லாட்" என்றால் 'ரொம்ப ஃபீல் பண்ணினான்' என்று நமக்குப் புரிகிறது. கேட்கிற ஆங்கிலேயர், என்ன ஃபெல்ட் என்று மீதி வாக்கியத்துக்காகக் காத்திருப்பார். தமிழுக்குள் இவை நல்ல சொற்கள், நானே தினமும் சொல்கிறேன். விமானம் ஏறும்போது மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போகலாம்.

"ஐ ஆம் அஃப்ரெய்ட் த டாக்டர் ஹேஸ் லெஃப்ட்" என்பதைக் கேட்டு, டாக்டர் போனால் இவருக்கு என்ன பயம் என்று கேட்ட பெண்ணும் உண்டு. அதில் பயமே இல்லை, கெட்ட செய்தியை மெத்தென்று சொல்கிற வழி அது. "ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்" என்பதும் அப்படித்தான். நான் என்ன தப்பு செய்தேன் மன்னிப்புக் கேட்க என்று முறைக்க வேண்டாம், அது துக்கம் விசாரிப்பது.

இவையெல்லாம் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். சரியாக நாள் பிடிப்பது, உணர்ச்சியை எவ்வளவு கூட்டி, எவ்வளவு குறைத்துச் சொல்கிறார்கள் என்கிற அளவு. பிரிட்டிஷ்காரர் உணர்ச்சியைச் சொல்லும்போது எடையைக் குறைத்தே சொல்வார். நமக்குப் பழக்கம் நேர்மாறு, 'உயிர் போகுது' என்று தலைவலிக்கே சொல்வோம். அவருக்கு உண்மையிலேயே உயிர் போகிற வலி இருந்தாலும் "இட்ஸ் எ பிட் அன்கம்ஃபர்டபிள்" என்பார். 'பிட்' என்றதும் நம் பெண் ஃபைலில் லேசான வலி என்று எழுதிவிடுவாள்.

ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குள்ளேயே இது விபரீதத்தில் முடிந்த கதை ஒன்று உண்டு. 1951 ஏப்ரலில், கொரியப் போரில், இம்ஜின் ஆற்றங்கரையில் குளோஸ்டர் என்ற பிரிட்டிஷ் படைப்பிரிவைச் சீனப் படை சூழ்ந்துகொண்டது. பிரிட்டிஷ் தளபதி தன் அமெரிக்க மேலதிகாரியிடம் "திங்ஸ் ஆர் எ பிட் ஸ்டிக்கி" என்றாராம். 'கொஞ்சம் சிக்கல்தான்' என்ற அளவில் எடுத்துக்கொண்ட அமெரிக்கர், நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று நினைத்துவிட்டதாகச் சொல்வார்கள். கடைசிவரை நின்று போராடிய குளோஸ்டர் படைப்பிரிவில் பெரும்பாலானோர் சிறைபிடிக்கப்பட்டார்கள்.

அதனால் அளவுச் சொல்லைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள் என்று சொல்வேன். முகத்தைப் பாருங்கள், கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று நம்பரில் கேளுங்கள். இதன் மறுபக்கம் "கட்டட்". பேத்தியின் கல்யாணத்துக்குப் போக முடியாத பாட்டி "ஐ வாஸ் கட்டட்" என்று சொல்வதாக ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். ஏமாற்றத்தில் மனசு உடைந்துபோனது என்று அர்த்தம். 'கட்' என்றால் குடல் என்று தெரிந்த புத்திசாலி ஒருத்தி, வயிற்றில் எப்போது ஆபரேஷன் நடந்தது என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நாமும் மனசை உடம்பில்தானே வைத்திருக்கிறோம். ஈரக்குலை நடுங்கும், நெஞ்சு பதைக்கும், உச்சி குளிரும். மகன் கவனிக்காத ஒரு தாய் வெளிநாட்டு டாக்டரிடம் 'வயிறு எரியுது' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால், அசிடிட்டிக்கு மாத்திரை கொடுத்து அனுப்புவார்.

ஆறுதல் சொல்வதில் மட்டும் நான் கொஞ்சம் கறாராக இருப்பேன். நம் பெண்கள் எல்லோருக்கும் முதலில் வருவது "டோன்ட் வொரி". தமிழில் 'கவலைப்படாதீங்கம்மா' என்று கையைப் பிடித்துச் சொல்லும்போது அதில் ஈரம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அவசரமாகச் சொன்னால் 'அதெல்லாம் ஒன்றுமில்லை, பேசாமல் இரு' என்பதுபோல் விழும். அதற்குப் பதில் "திஸ் மஸ்ட் பி ஃப்ரைட்டனிங் ஃபார் யூ" என்று சொல்லிப் பார்க்கச் சொல்வேன். முதலில் நாடக வசனம் போல இருக்கும், கூச்சமாக இருக்கும். ஆனால் கவனியுங்கள், நிலைமைக்கு இங் கொடுத்தாயிற்று, கடைசியில் "ஃபார் யூ" என்று 'உங்களுக்கு' வந்துவிட்டது. இந்த 'உங்களுக்கு' வாயில் வர ஆரம்பித்ததும் மற்றதும் தானாக வரும். நோயாளியின் மனநிலையைப் புரிந்துகொண்டு பேசுகிறார்களா என்பதற்கு ஓஇடியில் மதிப்பெண்ணும் உண்டு.

போன மாதம், இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்து மூன்று வாரமான ஒரு மாணவியிடமிருந்து ராத்திரி வாட்ஸாப் வந்தது. ஷிஃப்ட் ஒப்படைக்கும்போது ஒரு குறிப்பை எழுத மறந்துவிட்டாளாம். வார்டு இன்சார்ஜ் புன்னகை மாறாமல் "ஐ ஆம் நாட் பெஸ்ட் ப்ளீஸ்ட்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். "சார், ப்ளீஸ்ட்னுதானே சொன்னாங்க, பெஸ்ட்டும் இருக்கு. கோபமா, இல்லையா?"

"கோபம்தாம்மா. நல்ல கோபம். காலையில முதல் வேலையா போய்ப் பேசிடு" என்று பதில் போட்டேன்.