முதல் சோலோவுக்குத் தேதி குறிக்காதீர்கள்

மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கத்திலிருந்து விமானிப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், முதல் சோலோ, அதாவது முதன்முறை தனியாகப் பறப்பது, நெருங்கும்போது விமானத்தைவிட வீட்டுக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். உச்சிப்புளியில் இருக்கும் ஐ.என்.எஸ். பருந்து கடற்படையின் தளம். அங்கே இவர்கள் பழக முடியாது. வெளியூரில் லட்சக்கணக்கில் கட்டித்தான் படிக்கிறார்கள். அதனால் “எப்பப்பா தனியா ஓட்டுவ?” என்று வீட்டிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும்.

அதற்கு அவர்களிடம் பதில் இருக்காது. காலையில் இரண்டு மூன்று சுற்று, இன்ஸ்ட்ரக்டர்களான நாங்களும் கூடவே பறப்போம். காற்றும் சரி, மாணவரும் சரி என்று பட்டால் விமானத்தை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொள்வோம். இல்லையென்றால் இன்னொரு நாள். நல்ல நாள் பார்த்து, சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லி வைத்துவிட்டால் அந்தப் பையன் சுமாரான காற்றிலும் “நான் ரெடி சார்” என்றுதான் சொல்வான்.

கடலுக்குப் போகிற வீடுகளுக்கு இதை நான் விளக்கவே வேண்டியதில்லை. காற்று பலமானால் மீன்வளத் துறை டோக்கன் தராது. விசைப்படகு கரையில் நிற்கும். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தி வைத்தார்கள். பயிற்சி விமானம் தாங்குவது இன்னும் குறைவு. செஸ்னா 172 ரகத்தில், பக்கவாட்டுக் காற்றில் இறக்கிக் காட்டியதாகக் கையேடு சொல்லும் அளவு 15 நாட், அதாவது மணிக்கு சுமார் 28 கி.மீ. முதல் சோலோ என்றால் அதில் பாதி இருந்தாலே நான் யோசிப்பேன்.

மாணவர்களுக்கு ஒரு விஷயம். எல்லோரும் லேண்டிங்கையே நினைத்துக்கொண்டு வருகிறீர்கள். இரண்டு இருக்கை செஸ்னா 152-இன் அதிகபட்ச எடையே 757 கிலோதான். பக்கத்தில் இருந்த ஆள் இறங்கினால் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். சீக்கிரம் எழும்பும், நினைத்ததற்கு முன்பே ஓடுதளத்தைச் சுற்றி வரும் சர்க்யூட்டின் உயரமான ஆயிரம் அடி வந்துவிடும். இறங்கும்போது வேகம் கொஞ்சம் கூடினாலும் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும். அப்போது பொறுமையிழந்து மூக்கை அமுக்கித் தரையில் வைக்கப் பார்ப்பதுதான் ஆபத்து. முன்சக்கரம் முதலில் அடித்தால் விமானம் துள்ளும். அடுத்த துள்ளல் இன்னும் மோசமாக இருக்கும். அந்த இடத்தில் கோ-அரவுண்ட்தான், அதாவது இறங்காமல் மறுபடி மேலே போய்விடுவது. த்ராட்டிலை முழுதாகக் கொடுங்கள், மூக்கை ஏறும் நிலைக்குக் கொண்டுவாருங்கள், இறக்கையின் பின்னால் இறக்கி வைத்த ஃபிளாப்பைப் படிப்படியாக எடுங்கள். கன்ட்ரோல் டவருக்கு அப்புறம் சொல்லலாம். மூன்று முறை மேலே போய் நாலாவது தடவை இறங்கினாலும் அது சோலோதான். நான் சொல்லாமலே தானாக ஒருமுறை கோ-அரவுண்ட் போகிற மாணவரைத்தான் நான் தைரியமாகத் தனியே அனுப்புவேன்.

லீவுக்கு ஊருக்கு வந்து திரும்புகிறவர்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சளியோடு முங்கினால் காது என்ன பாடுபடும் என்று கீழக்கரையில் சங்கு குளிப்பவர்களிடம் கேளுங்கள். மேலே ஏறி இறங்கும்போதும் அதே காதுதான். செட்ரிசின் போன்ற சளி மாத்திரை தூக்கத்தைத் தரும். போட்டிருந்தால் இன்ஸ்ட்ரக்டரிடம் மறைக்காதீர்கள். சிலிண்டர் மாட்டிக் கடலுக்குள் இறங்கியிருந்தால் 24 மணி நேரமாவது கழியட்டும். உடம்பில் கரைந்த நைட்ரஜன் முழுதாக வெளியேறுவதற்குள் உயரத்துக்குப் போனால் அது குமிழியாகி மூட்டு வலியில் தொடங்கி நரம்பு வரை பாதிக்கலாம்.