ஆம்புலன்ஸை அழைக்கத் தயங்கும் சில நிமிடங்கள்

ஹெராயின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டுகள் அளவு மீறினால் முதலில் அடங்குவது மூச்சு. உதடும் நகமும் நீலம் பாரிக்கும். தொண்டையில் குறட்டை மாதிரி சத்தம் வரும். மார்பெலும்பை விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தாலும் அசைவிருக்காது. அந்தக் குறட்டையைக் கேட்டு, ‘அசந்து தூங்குகிறான்’ என்று விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

ஆம்புலன்ஸை அழையுங்கள். தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, 5 விநாடிக்கு ஒருமுறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். ஓபியாய்டின் விளைவை முறிக்கும் மருந்தான நலாக்சோன் இருந்தால் தசையில் 0.4 மி.கி. ஊசி, அல்லது ஒரு மூக்குத்துளையில் 4 மி.கி. ஸ்பிரே. 2, 3 நிமிடங்களில் மூச்சு சீராகாவிட்டால் இன்னொரு டோஸ். எழுப்பி நடக்கவைப்பது, குளிர்ந்த நீரை ஊற்றுவது, உப்புநீரை ஊசியில் ஏற்றுவது எல்லாம் நேரத்தை விழுங்கும் வேலைகள். கண் விழித்ததும் தனியே விட்டுப் போகாதீர்கள். நலாக்சோன் 30 முதல் 90 நிமிடங்களே வேலை செய்யும். மெத்தடோன் போன்ற ஓபியாய்டு அதைவிட நீண்ட நேரம் உடலில் இருக்கும், மூச்சு மறுபடியும் அடங்கலாம்.

இத்தனையும் தெரிந்தவர்கூட போனை எடுக்கத் தயங்குவார். பக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் சேர்ந்து உபயோகித்தவர். ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே போலீஸும் வருமோ என்பது அவர் பயம். பயிற்சி வகுப்பு இதைப் போக்காது, சட்டம்தான் போக்க வேண்டும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் 2007இல், உதவிக்கு அழைப்பவருக்குப் பாதுகாப்பு தரும் சட்டத்தை இயற்றியது.

அப்படியொரு சட்டம் கேட்டு, ‘போதைச் சட்டத்தைத் திருத்துங்கள்’ என்று பொதுவாக எழுதும் மனு கோப்பிலேயே தூங்கும். வாசகத்தோடு கேளுங்கள். பாதுகாப்பு அழைத்தவருக்கு மட்டும் போதாது, மயங்கிக் கிடப்பவருக்கும் வேண்டும். கைதிலிருந்து மட்டுமல்ல, வழக்கிலிருந்தும், ஜாமீன், பரோல் ரத்தாவதிலிருந்தும் காக்க வேண்டும். பல சட்டங்கள் ஓட்டையாவது இங்கேதான். நலாக்சோன் மருத்துவர் சீட்டு இல்லாமல் நண்பர், குடும்பத்தார் கைக்குக் கிடைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2014லேயே இவர்களிடம் அது இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்துவிட்டது. புது சிரிஞ்சைக் குற்றச் சான்றாக எடுக்கக் கூடாது. எடுத்தால், வைத்திருக்கப் பயந்து இரவல் ஊசி வாங்குவார்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் அங்கிருந்து பரவும். கரண்டி, பஞ்சு, கரைக்கும் தண்ணீர் இவற்றைப் பகிர்ந்தாலும் பரவும் என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள்.

போர்ச்சுகலை மேற்கோள் காட்டுவோர் அங்கே போதைப்பொருள் சட்டபூர்வமாகிவிட்டது என்கிறார்கள். தவறு, எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியைப் பிடித்தே மனுவைக் கவிழ்த்துவிடும். 2001 முதல் அங்கே 10 நாள் சொந்த உபயோகத்துக்கான அளவு வரை வைத்திருப்பது குற்றவியல் வழக்கல்ல, நிர்வாக மீறல். ஆளை ஒரு ஆணையத்துக்கு அனுப்புவார்கள். விற்பது இன்றும் குற்றமே.

விட்டுப்போகக் கூடாத கோரிக்கை இன்னொன்று உண்டு. சிறையில் உபயோகம் குறைந்தோ நின்றோ போவதால், பழைய அளவை உடல் தாங்கும் சக்தி போய்விடும். வெளியே வந்து அதே அளவை எடுப்பவருக்கு முதல் இரண்டு வாரங்கள் மிக ஆபத்தானவை. விடுதலைச் சீட்டோடு ஒரு நலாக்சோனையும் சிறைவாசலிலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.