கார் நசுங்கும் அரை மீற்றர்

நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து மகள் வருகிறாளாம். ஏழு மாதப் பேத்தியோடு கட்டுநாயக்காவில் இறங்கி, அங்கிருந்து வாடகை வான் பிடித்து யாழ்ப்பாணம். மருமகன் குழந்தைக்கென்று வாகனத்தில் பூட்டும் ஓர் இருக்கையையும் தூக்கிக்கொண்டு வருகிறாராம். அதுவும் பின்பக்கம் பார்த்தபடிதான் பூட்ட வேண்டுமாம். "நான்கு பிள்ளைகளையும் மடியில் வைத்தே கொண்டுதிரிந்தேன். மடியை விடப் பாதுகாப்பான இடம் எது?" என்று கோண்டாவிலிலிருந்து ஓர் அம்மம்மா எழுதிக் கேட்டிருக்கிறார்.

யாழ்ப்பாணம் போகும் வழியில் உள்ள முறிகண்டிப் பிள்ளையார் கோயிலிலிருந்து தொடங்குவோம். அங்கே கல்லில் அடிக்கும் தேங்காய் சிதறுகிறது. அதே தேங்காயை அதே வேகத்தில் மணற்குவியலில் எறியுங்கள், புதையும், உடையாது. கல்லில் அது நிற்பதற்குக் கிடைத்தது சில மில்லிமீற்றர், மணலிலோ சில சென்ரிமீற்றர். நிற்கும் தூரம் பத்து மடங்கானால் தேங்காய் தாங்க வேண்டிய விசை பத்தில் ஒன்றாகிவிடும்.

காருக்கு மணற்குவியல் அதன் முன்பகுதிதான். "அந்தக் காலத்து இரும்பு, இலேசில் நசுங்காது" என்று மொறிஸ் மைனரின் தகட்டைத் தட்டிப் பெருமைப்படுபவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். நசுங்காத காருக்குள் நசுங்குவது நாம்தான். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார் மதிலில் மோதி, முன்பகுதி அரை மீற்றர் நசுங்கி நிற்பதாக வைத்துக்கொள்வோம். பாடசாலையில் படித்த இயக்கச் சமன்பாடு போதும்: வேகம் குறையும் வீதம் புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு. எட்டுக் கிலோ பேத்தி அந்தக் கணத்தில் 160 கிலோவாக இழுப்பாள். மூன்று சீமெந்து மூட்டைக்கு மேல். எல்லாம் ஏறத்தாழ 0.07 வினாடியில் முடிந்துவிடும். கண் இமைக்கக்கூட அதைவிட நேரம் எடுக்கும். அம்மம்மாவின் அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவருடைய மணிக்கட்டைப் பற்றித்தான் பேசுகிறேன். கை விட்டுப்போன குழந்தை அதே 50 கிலோமீற்றர் வேகத்தில் பறந்து, கல்லில் அடித்த தேங்காய்போல மோதி நிற்கும். ஆசனப்பட்டியை இருவருக்கும் சேர்த்துப் போடுவது இன்னும் மோசம். பெரியவரின் எடை முழுவதும் குழந்தையைப் பட்டியோடு நசுக்கும்.

இங்கேதான் எனக்குப் பிடித்த நுட்பம் இருக்கிறது. குழந்தை இருக்கையை எல்லோரும் ஒரு வகை மெத்தை என்று நினைக்கிறார்கள். அதன் உண்மையான வேலை, கார் நசுங்கும் அந்த அரை மீற்றரில் குழந்தைக்கும் பங்கு வாங்கிக் கொடுப்பது. பட்டி தளர்வாக இருந்தால், கார் வேகம் குறையத் தொடங்கிய பின்னும் குழந்தை பழைய வேகத்திலேயே போகும். தளர்வு தீர்ந்து பட்டி பிடிக்கும்போது அரை மீற்றரில் ஒரு பகுதி செலவாகியிருக்கும். மிச்சத் தூரத்துக்குள் நிற்க வேண்டும். பட்டி ஏன் "பாவம், குழந்தைக்கு இறுக்கமாக இருக்குமே" என்று தோன்றும் அளவுக்கு இறுகியிருக்க வேண்டும் என்பதற்கு இதுதான் விளக்கம்.

பின்பக்கம் பார்ப்பதும் இதே கணக்குத்தான். ஏழு மாதக் குழந்தையின் தலை உடலுக்குப் பொருந்தாத பாரம், ஏறத்தாழ இரண்டு கிலோ. கழுத்து எலும்புகளோ இன்னும் குருத்தெலும்பால் ஒட்டிய துண்டுகள். முன்னோக்கி இருந்தால் பட்டி உடலைப் பிடித்துக்கொள்ளும், தலையை எதுவும் பிடிக்காது. முருங்கைக் கொப்பின் நுனியில் பனங்காயைக் கட்டியதுபோல 40 கிலோ விசை அந்தக் கழுத்தில் தொங்கும். பின்னோக்கி இருந்தால் தலை, முதுகு, இடுப்பு மூன்றும் ஒரே நேரத்தில் இருக்கையின் முதுகில் பதியும். கழுத்து வளையாது. உந்துவிசையை முதுகு முழுவதாலும் தாங்கும்படி அமெரிக்காவின் ஜெமினி விண்கல வீரர்களுக்கு அமைத்த ஆசனத்தைக் கண்டுதான் சுவீடன் பேராசிரியர் பேர்ட்டில் அல்ட்மனுக்கு இந்த எண்ணம் வந்தது. முதல் மாதிரியை 1964 இல் ஒரு வொல்வோ காரில் சோதித்தார்கள். பின்னாலிருந்து வாகனம் மோதினால்? இரண்டும் ஒரே திசையில் ஓடுவதால் வேக வித்தியாசம் பெரும்பாலும் குறைவு.

வாடகை வானில் என் அனுபவம் இது: பின் ஆசனத்தில் பட்டியின் பூட்டைக் காணவில்லை. புதிதாகத் தைத்த உறைக்கு அடியில் கை விட்டுத் துழாவியபோது, பூட்டோடு ஒரு பிடி கச்சான் கோதும் வந்தது. ஆகவே வானைப் பேசும்போதே பட்டி வேலை செய்கிறதா என்று கேளுங்கள். சில கார்களில் ஆசன இடுக்கில் 28 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு இரும்புக் கம்பிகள் இருக்கும். ஐசோபிக்ஸ் எனப்படும் கொளுவி உள்ள இருக்கை அவற்றில் நேரே பூட்டும். பட்டியால் கட்டுவதானால், இருக்கையில் முழங்காலை ஊன்றிக்கொண்டு இழுத்து இறுக்குங்கள். பட்டி நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. தோள்வார் குழந்தையின் தோளுக்குச் சமமாக அல்லது சற்றுக் கீழிருந்து வர வேண்டும். தோளருகே விரலால் கிள்ளினால் மடிப்பு அகப்படக் கூடாது. இருக்கையின் சரிவு, அதிலுள்ள அளவுகாட்டி சொன்னபடி இருக்க வேண்டும். அதிகம் நிமிர்த்தினால் தலை சரிந்து மூச்சுக்குழாய் மடங்கும். மோதும்போது விரியும் காற்றுப்பை உள்ள முன் ஆசனத்தில் பின்னோக்கிய இருக்கையை ஒருபோதும் வைக்காதீர்கள். குழந்தை இருக்கைக்குக் காலாவதித் திகதியும் உண்டு. விபத்தில் அகப்பட்ட இருக்கையை இரவல் வாங்க வேண்டாம்.

சில்லுக்கடியில் தேசிக்காய் வைப்பவர் வைக்கட்டும். அதற்குக் காட்டும் அக்கறையில் பாதியைப் பட்டிக்குக் காட்டலாமே என்பதுதான் என் மனக்குறை. முறிகண்டிக்குப் பக்கத்தில், அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. குழந்தையை நடுவில் இருத்தி மோட்டார் சைக்கிளில் போகும் குடும்பங்களுக்கும் ஓட்டோவுக்கும் ஏதாவது வழி தேடச் சொல்லி அந்த மாணவர்களுக்கு யாராவது ஆய்வுப்பணம் கொடுத்தால், நானும் ஒரு தேங்காய் உடைப்பேன்.

அம்மம்மா, நீங்கள் பேத்திக்குப் பக்கத்திலேயே உட்காருங்கள், உங்கள் பட்டியையும் போட்டுக்கொண்டு. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை வானை நிறுத்தி அவளைத் தூக்குங்கள். மடி அப்போது உங்களுடையது. முறிகண்டியில் வாங்கும் கச்சானை மட்டும் வானுக்கு வெளியே நின்று சாப்பிடுங்கள். கோது விழுந்தால் பூட்டு 'கிளிக்' என்று பிடிக்காது.